ஐம்பது வயதில் ஒரு சோதினை

கடந்த ஆவணி மாதம் நல்லூர்க் கந்தன் திருவிழாவைக் காணவென இலண்டனிலிருந்து வந்திருந்த நம் ஒன்றுவிட்ட தமக்கையார், முன்விறாந்தையில் வைத்துத் தமது பெட்டியைத் திறந்தார். வழமைபோல மேலே சொக்கலேற்றுப் பெட்டிகள். அவற்றின் கீழே நம் தாயாருக்கென ஒரு கம்பளிச் சால்வை. அதற்குங் கீழே, சேலைகள் இருக்கவேண்டிய இடத்தில், இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட கடதாசிக் கட்டு ஒன்று. அதன் ஓரங்களெல்லாம் சிவப்பு மையினால் எழுதப்பட்ட குறிப்புகள் நிறைந்திருந்தன.

நம் தாயார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதனை நோக்கினார்.

"இதென்ன பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை சோதினைப் பேப்பரோ?"

"இல்லைச் சின்னம்மா, இது என்ரை சோதினை."

"ஐம்பது வயதிலையோ?"

தமக்கையார் சிரித்தார், விடை கூறவில்லை. அவர் தங்கியிருந்த மூன்று கிழமைகளிலும் அவ்வினாவுக்குரிய விடையைச் சிறிது சிறிதாக நாம் கேட்டறிந்தோம். நேயர்களுள் பலருக்கு இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உறவினர் உளராதலாலும், அவர்தம் வீடுகளுக்கு என்றேனும் ஒருநாள் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வரக்கூடுமாதலாலும், அதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

அக்கடிதம் இன்னதென முதலிற் கூறுவோம். 'உங்கள் பிள்ளையைக் கல்வி உளவியலாளர் ஒருவர் பார்வையிட விரும்புகின்றோம். உங்கள் சம்மதம் வேண்டும்' என்பதே அதன் சாரம். நம்மவர் வீடுகளில் இக்கடிதம் வந்த அன்று அடுப்பெரியாது என்று தமக்கையார் கூறினார். பிள்ளைக்குப் பைத்தியமென்று எழுதிவிட்டார்களோ என்று தாய் அழுவாள். வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவோம் என்று தந்தை எழுந்து நிற்பார். உண்மையில் வருபவர் வைத்தியரல்லர்; மருந்தெழுதுவதும் அவர் வேலையன்று. வாசிக்க மாட்டாத பிள்ளை, வகுப்பில் வாய்திறவாத பிள்ளை, ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை, பிற பிள்ளைகளுடன் சேராத பிள்ளை ஆகியோரை வகுப்பறையிலும் விளையாட்டிடத்திலும் கண்டு, ஆசிரியரோடும் பெற்றாரோடும் பேசி, பிள்ளையோடும் தனியே இருந்து, இப்பிள்ளை எவ்வாறு கற்கின்றது, எது அதனைத் தடுக்கின்றது, பாடசாலை யாது செய்தல் வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதே அவருடைய உத்தியோகம். பெரும்பாலோர் உள்ளூராட்சிச் சபைகளின் சம்பளத்தில் வேலை பார்ப்பவர்கள்.

இவ்வுத்தியோகம் நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதினது. 1904ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசாங்கம், சாதாரண வகுப்புகளிற் கற்க இயலாத பிள்ளைகளைப் பற்றி ஆராய ஒரு குழுவினை அமைத்தது. அதன் விளைவாக 1905இல் அல்பிரெட் பினே என்பவரும் சிமோன் என்னும் வைத்தியரும் நுண்மதியை அளக்கும் முதல் அளவீட்டை வெளியிட்டனர். நம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கெனப் பெற்றார் பிள்ளைகளைக் கண்ணீர் விடச்செய்து பயிற்றுவிக்கும் நுண்மதி வினாக்களுக்கு அவ்வளவீடே பாட்டன் முறையானது. உதவி வேண்டிய பிள்ளையை இனங்காணப் பிறந்த கருவி, முந்திச் செல்லும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் கருவியாக மாறியதைப் பினே கண்டாரல்லர். அவர் 1911இலேயே காலமானார்.

இலண்டனில் அக்கருவியை முதன்முதற் கையிலெடுத்த உத்தியோகத்தர் சிறில் பேர்ட் என்பவர். 1913ஆம் ஆண்டில் இலண்டன் கவுண்டிச் சபை அவரைப் பாடசாலைகளுக்குரிய உளவியலாளராக நியமித்தது. பிரித்தானியாவில் அவ்வகை நியமனம் அதுவே முதலாவது. அது முழுநேர உத்தியோகமன்று, அரைநேர உத்தியோகம். எஞ்சிய நேரத்தில் அவர் ஆராய்ச்சி செய்தார். ஆகவே, உத்தியோகமும் ஆராய்ச்சியும் ஒரே ஆளின் இரு கைகளாய் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலிற் புதுமையன்று. தொழிலின் தொட்டிலிலேயே அது கிடந்தது. 1925இல் இளங்குற்றவாளிகள் பற்றியும் 1937இல் பின்தங்கிய பிள்ளைகள் பற்றியும் அவர் எழுதிய பெருநூல்கள், சேரிவீடுகளின் படிகளில் ஏறியிறங்கிய ஒருவரின் நூல்கள். பின்னர் அவர் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் பேராசிரியரானார்; 1946இற் 'சேர்' பட்டம் பெற்றார்.

கதை இவ்வளவில் நின்றிருப்பின் எத்துணை நன்றாயிருக்கும்! பேர்ட், நுண்மதி பெரும்பாலும் பிறப்பால் வருவது என்னும் கொள்கையினர். அதனை நிறுவும் பொருட்டு, பிறந்தபோதே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களை அளந்ததாகக் கட்டுரைகள் வெளியிட்டார். 1955இல் 21 சோடிகள். 1966இல் 53 சோடிகள். சோடிகளின் தொகை இரட்டிப்புக்கு மேலாகியும், இரட்டையரின் புள்ளிகளுக்கிடையே உள்ள தொடர்பினைக் காட்டும் எண் மட்டும் 0.771 என்று மூன்றாம் தசமதானம் வரை அசையாது நின்றது. உயிருள்ள பிள்ளைகளை அளந்தவர் எவரும் இவ்வாறான எண்ணைப் பெறார். பேர்ட் 1971இல் இறந்தபின், லியோன் கமின் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதனைச் சுட்டிக்காட்டினார். 1976இல் இலண்டன் ஞாயிறுப் பத்திரிகையொன்று, பேர்ட்டுடன் உழைத்ததாகக் கூறப்பட்ட மிஸ் ஹோவாட், மிஸ் கொன்வே என்னும் இரு பெண்மணிகளையுந் தேடிக் காணமுடியவில்லை என எழுதிற்று. ஹேர்ன்ஷோ என்னும் பேராசிரியர், பேர்ட்டின் நினைவுக்கூட்டத்திற் புகழுரை ஆற்றியவர். சகோதரியாரின் வேண்டுகோளின்படி வாழ்க்கை வரலாறெழுதப் புகுந்தவர். அவரே நாட்குறிப்புகளைப் பார்த்தபின், பிற்காலத் தரவுகள் புனையப்பட்டவை என்று 1979இல் எழுதவேண்டியதாயிற்று. பத்தாண்டுகளின் பின் பேர்ட்டுக்காக வழக்காடி நூலெழுதியவர்களும் உளர். வழக்கு இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

இதனைச் சற்று விரித்தெழுதியதற்குக் காரணமுண்டு. பதினொரு வயதிற் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் முறை இங்கிலாந்தில் வேரூன்றியதில் பேர்ட்டின் கொள்கைக்குப் பங்குண்டு. ஒருவர் தம் அறையிலிருந்து எழுதிய எண், அவர் காணாத இலட்சம் பிள்ளைகளின் பாதையைத் தொட்டது. பேராசிரியராய், பத்திரிகை ஆசிரியராய், நாட்டின் பெரியாராய் இருந்தவரிடம், 'உமது ஏட்டைக் காட்டும். எந்தப் பிள்ளை, எந்த வீடு, எந்தத் திகதி?' என்று கேட்பார் இருந்திலர். இன்று ஆராய்ச்சி மாணவர் ஒருவரை மேற்பார்வையாளரும், நெறிமுறைக் குழுவும், இரு பரீட்சகரும் கேட்கும் கேள்விகள் இவையே.

இன்னொரு புத்தகமும் இங்கு நினைவுக்கு வருகின்றது. 1971இல் பேர்னாட் கோட் என்னும் ஆசிரியர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இலண்டனிற் குடியேறியோரின் பிள்ளைகள், அறிவு குறைந்தோருக்கெனத் தனியே அமைந்த பாடசாலைகளுக்குத் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் அனுப்பப்படுகின்றனர் என்பதும், பரீட்சைகளின் மொழியும் படங்களும் அப்பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்பதும் அவர் முறையீடு. அவர் பெற்றாருக்காக எழுதினார். கறுப்பினப் பெற்றார் அந்நூலை வாங்கிப் படித்துப் பாடசாலை வாயிலிற் சென்று கேள்வி கேட்டனர். தமக்கையாரின் ஆய்வேட்டில் பேர்ட்டுக்கு இரண்டு வரியும் கோட்டுக்கு நான்கு பக்கமும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்நான்கு பக்கங்களுக்கும் சொந்தக் காரணமொன்று உண்டு.

1983 ஆடிக் கலவரத்தின் பின் வெள்ளவத்தை வீட்டை விட்டுப் பெரியப்பா குடும்பத்துடன் இலண்டன் சேர்ந்தபோது தமக்கையாருக்கு ஏழு வயது. அங்கே பாடசாலையிற் சேர்ந்து பல மாதங்கள் அவர் வாயே திறக்கவில்லையாம். வீட்டிலே ஓயாது பேசும் பிள்ளை, வகுப்பிலே மரம்போல இருந்தது. மந்தமான பிள்ளை என்று வகுப்பாசிரியை முடிவுகட்டினார். ஒருநாள் நீலச் சட்டை அணிந்த ஓர் அம்மையார் வந்து, ஒரு சிறு அறைக்கு அழைத்துச் சென்று, சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை மேசையிற் பரப்பி, அட்டையிலுள்ள கோலத்தைப் போல அடுக்கச் சொன்னார். வெக்சிலர் என்பாரின் சிறுவர் அளவீட்டில் உள்ள பகுதி அது. தமக்கையார் எல்லாக் கோலங்களையும் அடுக்கிவிட்டார். பிறகு அம்மையார் சொற்களின் பொருளைக் கேட்டார்; தமக்கையார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மையார் என்ன எழுதினார்?" என்று நாம் கேட்டோம்.

"தெரியாது, தம்பி. அந்த அறிக்கையை நாங்கள் ஒருநாளும் காணேல்லை. அப்பாவுக்குக் கேக்கவும் தெரியாது. நான் அதே வகுப்பிலை இருந்தன். அவ சொல்லித்தான் இருந்தனோ, ஆரும் அந்த அறிக்கையை வாசியாதபடியாலை இருந்தனோ, அதுவுந் தெரியாது."

அந்த அறிக்கையில் என்ன இருந்திருக்கும் என்பது அவரை விட்டகலாத கேள்வி. அவர் உளவியலிற் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டு ஆசிரியராயிருந்து, பின் ஓராண்டு முதுமாணிப் படிப்பை முடித்துக் கல்வி உளவியலாளரானார். அக்காலத்து ஒழுங்கு அது. 2006ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்திலே ஒழுங்கு மாறிற்று. புதிதாக இத்தொழிலுக்கு வருவோர் மூன்றாண்டு முழுநேரம் பயின்று கலாநிதிப் பட்டத்துடனேயே வெளிவருதல் வேண்டும் என்றாயிற்று. 2009 தொடக்கம் இப்பெயரே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. உரிய பதிவேட்டிற் பெயர் இல்லாதவர் தம்மைக் கல்வி உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளல் குற்றமாகும்.

இம்மாற்றத்தினால் ஒரு வேடிக்கை விளைந்தது. இருபதாண்டு அனுபவமுள்ள மூத்தவர் 'மிஸிஸ்' ஆகவும், அவரிடம் வேலை பழக வந்த இளையவர் 'டொக்டர்' ஆகவும் ஒரே கந்தோரில் அமரலாயினர். பழைய தகைமை செல்லாதென்று ஒருவரும் கூறவில்லை; பதிவேட்டில் இருவரும் சமமே. ஆயினும், பிறருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யவேண்டியவர் தாம் ஓர் ஆராய்ச்சி செய்திராமை பலரை உறுத்திற்று. இவர்களை நோக்கியே, உத்தியோகத்தை விடாது பயிலக்கூடிய பகுதிநேரக் கலாநிதிப் படிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் நடத்தி வந்தன. பேர்ட் பேராசிரியராயிருந்த அதே யூனிவேர்சிற்றிக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. வெறும் பட்ட ஆசைக்காகச் சேர்ந்தவர்களும் இருப்பர். கலியாணக் கடதாசியிற் பெயருக்கு முன் 'கலாநிதி' என்று அச்சிடும் ஆசை யாழ்ப்பாணத்தாருக்கு மாத்திரம் உரியதென்று நாம் கருதவில்லை. ஆயின், அந்த ஓரெழுத்துக்காக ஐந்தாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைப்போர் சிலரே இருப்பர்.

படிப்பு நடக்கும் முறை நம் மாணவர்க்குப் புதிதாயிருக்கும். பிரித்தானியாவிற் கலாநிதிப் பட்டமே பழையதன்று. ஒக்ஸ்போட் 1917இலேதான் அதனை ஏற்றது. தொழில்புரிவோருக்கென அமைந்த கலாநிதிப் பட்டங்கள் 1990ஆம் ஆண்டுகளிற் பரவின. சாதாரண கலாநிதி ஆய்வேடு எண்பதினாயிரம், இலட்சம் சொற்கள் வரை செல்லும். தொழில்சார் ஆய்வேடு அதனிற் குறுகியது, ஆயினும் அதற்கு முன்னும் உடனும் வேறு கட்டுரைகள் உண்டு. தவணைக்குச் சில நாள் விரிவுரை; எஞ்சியது தனிமையில். ஆராய்ச்சிப் பொருள் தம் தொழிலிலிருந்தே எழுதல் வேண்டும். இறுதியில் வாய்மொழிப் பரீட்சை. உள்ளிருந்து ஒருவரும் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவருமாக இரு பரீட்சகர், மூடிய அறையில், ஏட்டைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக் கேட்பர். ஒரு திருத்தமுமின்றித் தேறுவோர் அரியர். சிறு திருத்தங்களுடன் தேறுவதே நற்பேறென்று கொள்ளப்படும்.

தமக்கையார் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டிலே தமிழ் பேசும் பெற்றார், தம் பிள்ளையைக் கல்வி உளவியலாளர் பார்த்ததை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பது. கேட்பதற்கு எளிதாயிருக்கின்றது. நெறிமுறைக் குழு அவருடைய விண்ணப்பத்தை இருமுறை திருப்பி அனுப்பிற்று. முதன்முறை அவர் கோபங்கொண்டாராம். இரண்டாம் முறை வெட்கப்பட்டாராம். குழுவினர் கேட்டது இதுதான்: 'உமது கையொப்பத்திலே தம் பிள்ளையின் உதவி தங்கியிருக்கின்றது என்று எண்ணும் ஒரு தாய், உமது ஆராய்ச்சிக்குப் பேட்டி தரமாட்டேன் என்று உம்மிடம் எவ்வாறு கூறுவாள்?' நம் ஊர்த் தாய் நிச்சயமாய்க் கூறமாட்டாள். தேநீரும் பலகாரமுங் கொடுத்து, கேட்கப்பட்டவருக்கு எது பிடிக்குமோ அதனையே விடையாகச் சொல்வாள். ஈற்றில், தாம் வேலை பார்க்கும் நகரப்பகுதியை அறவே விலக்கி, வேறொரு பகுதியில், அறிக்கைகளெல்லாம் எழுதி முடிந்துவிட்ட குடும்பங்களை மட்டும் தேடினார். பேட்டியின் நடுவிலும் பின்னரும் விலகிக்கொள்ளலாம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். மூன்று தாய்மார் விலகிக்கொண்டனர். 'அவர்கள் விலகியது எனக்குச் சந்தோஷம். அப்பத்தான் மற்றவை மனமறிஞ்சு பேசினவை எண்டு தெரிஞ்சுது' என்றார்.

ஒரு மணிநேரப் பேச்சை ஒலிப்பதிவிலிருந்து கேட்டுக் கேட்டு எழுத ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சென்றது. பின்னர் மொழிபெயர்ப்பு. இங்கேதான் நாமும் அவருடைய ஆராய்ச்சிக்குள் இழுக்கப்பட்டோம். தமிழாசிரியர் ஒருவர் வீட்டிலிருக்க விடுவாரா?

சிக்கலை உண்டாக்கிய சொல் 'குழப்படி' என்பது. பெற்றார் அனைவரும் அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தனர். 'என்ரை மகன் சரியான குழப்படி' என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அங்கு அது செல்லம். 'பள்ளிக்கூடத்திலை குழப்படியாம்' என்று ஒரு தந்தை தலைகுனிந்து சொல்கிறார். அங்கு அது மானக்கேடு. 'டொக்டர் எண்டு வந்தவ இது குழப்படியில்லை, வருத்தம் எண்டு சொன்னா' என்று மற்றொரு தாய் சொல்கிறாள். அங்கு அச்சொல்லை இழந்ததே அவளுக்குத் துயரம். குழப்படிக்காரப் பையன் வளர்ந்தால் திருந்துவான். வருத்தக்காரப் பையன் அவ்வாறல்லன் என்பது அவள் கணக்கு. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக அகராதியிலுள்ள சொல்லைப் போட்டால், மூவரும் ஒன்றையே கூறியவர்களாகி விடுவர். உளவியலாளரின் அறிக்கையிலோ அதற்குக் 'கவனக் குறைபாடு' என்று பெயர். ஒரே பிள்ளையைப் பற்றி இரு தரப்பாரும் ஒரு மணிநேரம் பேசி, தலையசைத்து, கையொப்பமிட்டுப் பிரிந்திருக்கின்றனர். ஒருவர் கூறியது மற்றவருக்கு விளங்கவேயில்லை. உரைபெயர்ப்பாளர் இருந்த இடங்களிலும் இதுவே நடந்திருக்கின்றது. 'மந்தம்', 'வெருட்சி', 'நாவூறு' என்று அவ்வாறான சொற்கள் இன்னும் பல. முற்றத்து வேப்பமரத்தின் கீழிருந்து இரண்டு மாலைப்பொழுதுகள் இவற்றைப் பற்றி வாதிட்டோம். நாற்பது வயதைக் கடந்து, தமிழ் கற்பித்தே உண்டுடுத்து வரும் நாம், 'குழப்படி' என்னும் சொல்லை ஒருநாளேனும் நின்று நோக்கியதில்லை. வகுப்பில் மாணவரை நோக்கி அதனைப் பயன்படுத்திய கணக்கு மட்டும் பெரிது.

இனி, இவ்வாராய்ச்சியின் கசப்பான பக்கத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். இங்கிலாந்திலே 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசேட உதவி வேண்டிய பிள்ளைக்கு 25 வயது வரை செல்லக்கூடிய கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமொன்று எழுதப்படும். அதற்கான மதிப்பீட்டிலே கல்வி உளவியலாளரின் ஆலோசனை கட்டாயம். கேட்டு ஆறு வாரத்தினுள் அவர் கொடுக்கவும், 20 வாரத்தினுள் முழுத் திட்டமும் முடியவும் வேண்டும் என்பது விதி. 2015 தையில் இவ்வகைப் பிள்ளைகளும் இளைஞரும் ஏறக்குறைய 2 இலட்சத்து 40 ஆயிரம் பேர். 2024 தையில் 5 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல். உளவியலாளர் தொகை அவ்வாறு பெருகவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பதினாயிரவருக்கு ஒரு கல்வி உளவியலாளர் வேண்டும் என்று 1968இல் ஓர் அரசாங்க அறிக்கை கூறியபோது அதுவே பேராசையாகத் தோன்றிற்று. இன்று அந்தக் கணக்கு எள்ளளவும் போதாது. விதித்த வாரங்கள் கடந்தும் பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.

ஆகவே, தமக்கையார் படிப்புக்கென ஒருநாள் விடுமுறை எடுத்தால், அன்று காணப்படவேண்டிய ஒரு பிள்ளை காணப்படாது போகின்றது. இதனை அவருடைய மேலதிகாரி ஒருவர் வாய்விட்டே கூறினாராம். 'உங்கள் ஆய்வேடு நூலகத் தட்டில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும்.' விடுமுறை மறுக்கப்படவில்லை. ஆனால் அன்று தொடக்கம் அவர் படிப்பு விடுமுறையை எடுப்பதில்லை. விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து, புகையிரதத்துக்குப் புறப்படுமுன் இரண்டு மணிநேரம், ஞாயிறு முழுவதும். பெரியப்பா நோயுற்றுக் கிடந்து இறந்த ஆண்டிற் படிப்பை இடைநிறுத்தினார். மீண்டும் தொடங்குவதா என்று ஆறுமாதம் யோசித்தார். கட்டணத்திற் பெரும்பகுதி அவர் கையிலிருந்தே சென்றது. சம்பளம் ஒரு சதமும் உயரப்போவதில்லை.

மேலதிகாரியின் சொல்லில் உண்மையில்லை என்று நாம் கூறமாட்டோம். நெருப்புப் பிடித்த வீட்டில் நின்று நெருப்பின் இயல்பை ஆராய்வாரில்லை. எனினும், ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளை எழுதிக்கொண்டே போகும் ஒருவர், அவ்வறிக்கை சென்றடைந்த வீட்டில் அது என்னவாயிற்று என்று ஒருமுறையேனும் போய்ப் பாராதிருப்பின், நூற்றோராவது அறிக்கை யாருக்காக எழுதப்படுகின்றது? பெரியப்பாவின் வீட்டுக்கு வராத அந்த அறிக்கையும் அவ்வாறு எழுதப்பட்டதே. நம் தொழிலிலும் இதே குறைதான். வார இறுதி முதுமாணி வகுப்புகளுக்குச் சனி, ஞாயிறு பேருந்தேறிச் செல்லும் ஆசிரியர் பலரை நாம் அறிவோம். உண்மையாக உழைப்போர் உளர். பதவியுயர்வுப் புள்ளிக்காக மட்டும் பிறர் ஆய்வேட்டைப் பார்த்தெழுதுவோரும் உளர். தம் சொந்த வகுப்பிலே ஏன் பன்னிரண்டு பிள்ளைகள் வாசிக்கிறார்களில்லை என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்தவர் எத்தனை பேர்? நாம் எடுத்த பொருளும் அதுவன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

உத்தியோகத்தின் இடையே படிப்பது ஈழத் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. பின்னாளில் விபுலாநந்த அடிகளாக விளங்கிய மயில்வாகனனார், ஆசிரியத் தொழிலிற் புகுந்த பின்னரே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறியவர். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 தொடக்கம் தன் வாயிலைக் காணாதவர்க்கும் பரீட்சை எழுத இடங்கொடுத்து வந்தமையால், அரிக்கன் விளக்கின் கீழே அதற்குப் படித்த உபாத்தியாயர்களை நம் பாட்டன்மார் தலைமுறை நன்கறியும். அவர்கள் படித்தது தூரத்து நகரம் வகுத்த பாடத்தை. தமக்கையார் அந்நகரத்திலேயே இருந்துகொண்டு, வெள்ளவத்தையிலும் வல்வெட்டித்துறையிலும் பிறந்த சொற்களைப் படிக்கின்றார்.

புறப்படுவதற்கு முதல்நாள், நம் தாயார் ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து அக்கடதாசிக் கட்டின் மேலேயே வைத்தார். "சோதினை பாஸ் பண்ணினா என்ன பிள்ளை தருவினம்?" என்று மீண்டும் கேட்டார். "ஒண்டுந் தராயினம் சின்னம்மா. பேருக்கு முன்னாலை டொக்டர் எண்டு போடலாம்." "அப்ப எனக்கு முழங்காலுக்கு மருந்து எழுதித் தருவியோ?" "அது ஏலாது." தாயாருக்கு அப்படிப்பட்ட டாக்குத்தர் வேலையில் மதிப்பு ஏற்படவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. ஆனாலும் பொதி அவிழாதிருக்க இன்னொரு முடிச்சுப் போட்டார்.

சென்ற கிழமை தமக்கையார் தொலைபேசியிற் பேசினார். ஏடு கையளிக்கப்பட்டுவிட்டது; வாய்மொழிப் பரீட்சை பங்குனியில். வெளியிலிருந்து வரும் பரீட்சகர் கடுமையானவர் என்று பேச்சாம். 'குழப்படி' என்னும் சொல்லுக்கு நாம் எழுதியனுப்பிய ஆறு மொழிபெயர்ப்புகளையும் மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. அச்சொல் தமிழ் ஒலியிலேயே நிற்கின்றது. அதன் அடிக்குறிப்பு ஒன்றரைப் பக்கம்.